யெட்டி உறுமலும் அம்மா குரலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் 'டாக்டர் ஹூ' என்ற பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர் பற்றி லண்டன் ரசிகர்கள் பேசியதைப் படித்தேன். டாக்டராக மாறி மாறி நடித்தவர்களில் யார் சிறந்தவர் என்ற பழைய சண்டைக்கே பாதிப் பக்கம் போய்விட்டது. (எனக்கு டாம் பேக்கர்தான். நான் 1975-ல் லண்டன் வந்து இறங்கியபோது அந்த நீளக் கழுத்துத்துணியோடு திரையில் இருந்தவர் அவர்.) சரி, அது அவரவர் வயதைப் பொறுத்தது. ஆனால் பழைய பகுதிகளை எல்லாம் பிபிசி பத்திரமாகக் காத்து வைத்திருந்தது என்று ஒரு வரி வந்திருக்கிறதே, அதைத்தான் சும்மா விட மனம் வரவில்லை.

முதல் பகுதி ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23, கென்னடி சுடப்பட்ட மறுநாள். இயக்கியவர் நம் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன், அப்போது அவருக்கு 24 வயது. கட்டுரையில் அவர் பெயரே இல்லை. அந்த அமளியில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அடுத்த சனிக்கிழமை அதையே மறுபடி போட்டுவிட்டுத்தான் இரண்டாம் பகுதிக்குப் போனார்கள். அப்படித் திரும்பப் போடுவதெல்லாம் அந்தக் காலத்தில் அபூர்வம். நடிகர் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தம் அதற்கு லேசில் இடம் தராது. வீடியோ டேப்போ விலை கூடியது. அதனால் அழித்து, அதன்மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த பிலிம் பிரதிகளிலும் பல குப்பைக்குப் போயின. 1960-களின் பகுதிகளில் தொண்ணூறுக்கு மேல் இன்றும் படமாக இல்லை.

ஒலியாக மட்டும் அத்தனையும் இருக்கின்றன. அதைக் காப்பாற்றியவர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த ரசிகர்கள். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். தபால் பிரிக்கும் இடத்தில் என்னோடு இரவு வேலை பார்த்தவர். 1968-ல் அவருக்குப் பன்னிரண்டு வயது. யெட்டிகள் என்னும் பனிமனித அரக்கர்கள் லண்டன் பாதாள ரயிலுக்குள் புகுந்துவிடும் 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதை ஓடிய சனிக்கிழமைகளில், மைக்கை டிவியின் ஸ்பீக்கரில் ஒட்டிவிட்டு, வீட்டில் யாரும் இருமக்கூட விடமாட்டாராம். அதை கேசட்டில் ஏற்றி ஒருநாள் தேநீர் இடைவேளையில் போட்டுக் காட்டினார். யெட்டியின் உறுமலுக்கு நடுவே, "சாப்பாடு ஆறுது, வாடா!" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். அவர் அம்மா. அந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டினார்.

அந்தக் கதையில் தொலைந்திருந்த ஐந்து பகுதிகளில் நான்கு, நைஜீரியாவின் ஜோஸ் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் இருந்து 2013-ல் வந்து சேர்ந்தன. மூன்றாம் பகுதி மட்டும் வரவில்லை. அப்புறம் 2021-ல், ரசிகர்கள் பதிந்த ஒலியைச் சுத்தம் செய்து, அதற்குப் பொம்மைப்படம் செய்து வெளியிட்டார்கள்.

நண்பரின் கேசட்டில் இருந்ததும் அதே மூன்றாம் பகுதிதான். டிவிடி வாங்கிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு போன் செய்தார். படம் பரவாயில்லை, சத்தமும் துல்லியம், ஆனால் அம்மாவைக் காணோம் என்றார்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்