ஏழு ஆண்டுக் கெடு முடியும் முன்: கூட்டுறவுத் தணிக்கையையும் விசாரணையையும் மேற்பார்வையிடும் உயர் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

எங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நடந்த வைப்பீட்டு மோசடி உங்கள் கோப்புகளில் இருக்கிறது. அதை முதலிலிருந்து திரும்பச் சொல்லப் போவதில்லை. சென்ற வாரம் நடந்ததைச் சொல்லி, அதனால் எழுந்த வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன்.

கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவின்கீழ் சங்கத்தில் நடந்ததை ஆராயும் விசாரணைக்காகச் சென்ற வாரம் ஐந்தாவது அலுவலர் வந்தார். அறுபத்தெட்டு வயதான என் அக்கா, தையல் வேலையில் சேர்த்த 3 லட்சம் ரூபாயை 2019 செப்டம்பரில் சங்கத்தில் வைப்பீடாகப் போட்டவர். முத்திரையும் செயலாளரின் கையொப்பமும் உள்ள ரசீது அவரிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் பேரேட்டில் ஏறவே இல்லை. முன்பு வந்த நால்வரிடம் சொன்னதையே அன்றும் சொல்லி, ரசீதின் நகலை ஐந்தாம் முறையாகக் கொடுத்தார். ஏற்கெனவே எழுதி வாங்கிய வாக்குமூலங்கள் என்னவாயின என்று கேட்டபோது, பழைய கோப்பு இன்னும் தம் கைக்கு வரவில்லை என்றார் அலுவலர். அந்த வாரம்தான் பொறுப்பேற்றவர் அவர். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. நகல் எடுப்பதற்காகப் பிரித்துப் பிரித்து மடித்ததில் அக்காவின் ரசீது மடிப்பில் கிழிந்துவிட்டது. கிழிந்தது தேதி எழுதிய இடம். அதன்மேல் டேப் ஒட்டி, மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அந்தத் தேதியை நினைத்துத்தான் எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. தவறு நிகழ்ந்து 7 ஆண்டுகள் கடந்துவிட்டால், 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவின்கீழ், இழப்புக்குக் காரணமானவர்களிடமிருந்தே பணத்தை வசூலிக்கும் தண்டத்தீர்வை நடவடிக்கையைத் தொடங்க முடியாது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வரும் செப்டம்பரில் அக்காவின் பணத்துக்கு அந்தக் கெடு முடிகிறது. காவல்துறையின் வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவின் வழக்கு தனியே நடக்கலாம். ஆனால் ஒருவர் சிறைக்குப் போவதால் மட்டும் அக்காவின் பணம் திரும்பி வந்துவிடாது. வங்கியில் போட்டிருந்தால் 5 லட்சம் ரூபாய் வரை வைப்பீட்டுக் காப்பீடு உண்டு. எங்களுடையது போன்ற தொடக்கச் சங்கங்களுக்கு அந்தக் காப்பீடும் இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இது: விசாரணை தொடங்கிய நாள், அது முடிய வேண்டிய நாள், 87-ஆம் பிரிவின் கெடு முடியும் நாள் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு மோசடிக் கோப்பின் மேலட்டையிலும் எழுதச் செய்து, மாதம் ஒருமுறை நீங்களே பார்த்துக் கையொப்பமிட்டு, அதன் நகலைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள்.

தணிக்கையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்கா பணம் கட்டிய பிறகு இரண்டு ஆண்டுகளின் தணிக்கை முடிந்து, சங்க உறுப்பினர்களின் பேரவைக் கூட்டத்தில் ஒரே வரியில் அறிக்கை ஏற்கப்பட்டது. தணிக்கையாளர் செயலாளரின் அறையில் அமர்ந்து, செயலாளர் எடுத்துக் கொடுத்த பேரேட்டை, அதே செயலாளர் எழுதிய ரொக்கப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததை நானே கண்டேன். இரண்டிலும் எழுதப்படாத பணம் அந்த ஒப்பீட்டில் எப்படித் தெரியும்? பத்து உறுப்பினர்களை வரவழைத்து, அவர்கள் கையிலுள்ள ரசீதையும் பாஸ்புக்கையும் வாங்கிப் பார்த்திருந்தால் முதல் ஆண்டிலேயே பிடிபட்டிருக்கும். 2021-இல் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டு, அடகு நகைகளை முழுமையாகச் சரிபார்த்தபோதுதான் சில சங்கங்களில் போலி நகைகளும் நகையே இல்லாத பைகளும் வெளிப்பட்டன. பையைப் பிரித்துப் பார்க்க ஒரு தள்ளுபடி அறிவிப்பு வர வேண்டியிருந்தது என்பது உங்கள் மேற்பார்வைக்குப் பெருமை சேர்க்காது.

ஒரே தணிக்கையாளர் பல சங்கங்களைச் சுமக்கிறார் என்பதை அறிவேன். அந்தச் சுமையைக் கணக்கில் கொண்டு ஆளையும் நாளையும் ஒதுக்குவது மேலே இருப்பவர்களின் வேலை. விசாரணை அலுவலர் மாறும் நாளிலேயே கோப்பும் வாக்குமூலங்களும் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று பார்ப்பதும் அவர்களின் வேலைதான்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அந்த மூன்று தேதிகளையும் எழுதி, நீங்கள் கையொப்பமிட்டு, எங்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பருக்கு முன்பாகத் தண்டத்தீர்வை நடவடிக்கையைத் தொடங்க ஆவன செய்யுமாறு பணிவோடு வேண்டுகிறேன். ஒருவேளை ஆறாவதாக ஓர் அலுவலரை அனுப்ப நேர்ந்தால், அக்காவின் ஐந்து வாக்குமூலங்களையும் அவர் படித்துவிட்டு வருவதற்கு உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் உறுப்பினர் ஒருவர்