தொடக்க டோஸோடு நின்றுபோகும் இதய மருந்துகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இதயச் செயலிழப்புக்கான (இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாத நிலை) புதிய மருந்துகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். சர்க்கரை நோய்க்கென வந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் உதவுகிறது என்று 2019-இல் டாபா-ஹெச்எஃப் ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் கட்டுரையில் உள்ளதுபோல் பாதிப்பு ‘26 சதவீதம் குறைவு’ என்று மட்டும் போட்டால், நூற்றுக்கு 26 பேர் தப்பித்ததாக வாசகர் நினைத்துக்கொள்வார். சுமார் ஒன்றரை ஆண்டில் நோய் முற்றியவர்களும் இதயக் கோளாறால் இறந்தவர்களும் சேர்த்து, மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்ற பிரிவில் நூற்றுக்கு 21 பேர். மருந்துப் பிரிவில் 16 பேர். ஐந்து பேர் வித்தியாசம். அதுவே நல்ல பலன்தான், ஊதிக் காட்ட வேண்டியதில்லை.

கட்டுரையில் இடம்பெறாதது 2022-இல் வெளியான ஸ்ட்ராங்-ஹெச்எஃப் ஆய்வு. அதில் புது மருந்து எதுவும் கிடையாது. அதனாலேயே செய்தியாகவில்லை போலும். இருக்கிற மருந்துகளையே எவ்வளவு வேகமாக முழு அளவுக்கு ஏற்றலாம் என்பதுதான் கேள்வி. மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்த 1,078 பேரில் ஒரு பாதிக்கு, வீடு திரும்புமுன்பே பாதி டோஸ், அடுத்த இரண்டு வாரத்தில் முழு டோஸ். மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. 180 நாளில் இறந்தவர்கள் அல்லது இதயச் செயலிழப்புக்காக மீண்டும் சேர்ந்தவர்கள் வழக்கமான பிரிவில் 23.3 சதவீதம், வேகமாக ஏற்றிய பிரிவில் 15.2 சதவீதம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? டிஸ்சார்ஜ் சீட்டில் கார்வெடிலால் (இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் ‘பீட்டா பிளாக்கர்’ வகை மருந்து) 3.125 மி.கி., காலை ஒன்று இரவு ஒன்று என்றிருக்கும். பலருக்கு இலக்கு அளவு வேளைக்கு 25 மி.கி.; அதாவது எட்டு மடங்கு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அதே 3.125 ஓடிக்கொண்டிருக்கும். நோயாளிக்கும் ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று மாற்ற மனம் வராது.

வேகமாக ஏற்றுவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவதல்ல. அந்த ஆய்வில் 1, 2, 3, 6-ஆம் வாரங்களில் நோயாளியை வரவழைத்துப் பார்த்தார்கள். மேல் ரத்த அழுத்தம் 95-க்குக் கீழே, நாடித்துடிப்பு 55-க்குக் கீழே, பொட்டாசியம் 5-க்கு மேலே என்றால் ஏற்றவில்லை. இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான என்டி-புரோபிஎன்பி டிஸ்சார்ஜ் அளவைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் பீட்டா பிளாக்கரை ஏற்றாமல் அதே அளவில் விட்டுவிட்டு, உடலில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். சில்லறைப் பக்கவிளைவுகள் வேகமாக ஏற்றிய பிரிவில் கூடுதல்தான், கடுமையானவை கூடவில்லை.

டோஸ் ஏறாமல் நிற்பதற்குப் பல நேரம் இதய மருந்து காரணமே இல்லை. மூட்டு வலிக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக் உப்பையும் நீரையும் உடலில் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறியதும் பழி இதய மருந்தின் மேல் விழும், நிறுத்தப்படுவதும் அதுவே. ‘சோடியம் குறைந்த உப்பு’ பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் இதய மருந்தான ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவருக்கு அது ஆபத்து. தலைச்சுற்றல் இல்லாமல் மேல் அழுத்தம் 100 என்றால் பதற வேண்டாம். சுற்றல் இருந்தால் முதலில் அம்லோடிபின் போன்ற, இதயச் செயலிழப்புக்குப் பலன் தராத ரத்த அழுத்த மருந்தைக் குறைக்கலாமா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். கால் வீக்கம் வடிந்திருந்தால் நீர் மாத்திரையையும் குறைக்க இடமுண்டு.

இன்னொரு இதயச் செயலிழப்பு மருந்தான சாகுபிட்ரில்-வல்சார்டன் பற்றிக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. எனலாப்ரில் வகை (ஏசிஇ தடுப்பான்) மருந்திலிருந்து இதற்கு மாறும்போது 36 மணி நேர இடைவெளி கட்டாயம். தவறினால் உதடும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கலாம். பழைய மாத்திரை வீட்டில் மிச்சமிருந்து இரண்டையும் சேர்த்து விழுங்குவதும் இதே ஆபத்துதான். தவிர, இதயம் சுரக்கும் பிஎன்பி என்ற பொருள் சிதைவதை இந்த மருந்து தடுப்பதால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும், நோய் முற்றிவிட்டது என்று பயப்படக்கூடும். இவர்களுக்குப் பார்க்க வேண்டியது என்டி-புரோபிஎன்பி.

டாபாகிளிஃப்ளோசினுக்கு டோஸ் ஏற்றும் வேலையே இல்லை, தினம் 10 மி.கி. தான். ஆனால் வாந்தி, பட்டினி, அறுவை சிகிச்சை என்றால் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். சர்க்கரை ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். அப்படி நிறுத்தியதைத் திரும்பத் தொடங்க மறந்துபோகிறார்கள். நிறுத்தும் தேதி எழுதும் சீட்டிலேயே தொடங்கும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இதய மருத்துவத் துறை வாசகர் ஒருவர்