கிராக் ப்ளக்இன் எதற்கு, இலவசமாகவே நல்லது இருக்கிறதே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போட்டோஷாப்பில் எஃபெக்ட் சேர்க்க எந்த ப்ளக்இன் (கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்) நல்லது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சென்ற வாரக் கணினிப் பக்கத்தில் அதற்குப் பதிலாக, காசு கொடுத்து வாங்கும் ப்ளக்இன்களை மட்டும் சொல்லியிருந்தீர்கள். நான் மன்னார்குடியில் ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவள். அந்த விலையைப் பார்த்ததும் எங்கள் தொழிலில் பலர் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்து, பென்டிரைவில் சுற்றிவரும் கிராக் தொகுப்பைக் காப்பி செய்துகொள்வார்கள்.

'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று அந்தத் தொகுப்போடு ஒரு குறிப்பு வரும். எங்கள் பக்கத்து ஸ்டுடியோ ஒன்றில் அப்படியே செய்தார்கள். மறுநாள் ஒரு படமும் திறக்கவில்லை. எல்லா ஃபோல்டரிலும், 980 டாலர் கேட்டு ஒரே குறிப்பு. மூன்று நாளுக்குள் கட்டினால் பாதியாம். படங்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும், ஸ்டாப் என்னும் இந்த ரான்சம்வேர் பெரும்பாலும் கிராக் மென்பொருள் வழியாகத்தான் பரவுகிறது. இரண்டு கல்யாணங்களின் படங்கள் போயே போய்விட்டன. தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியுமா? அந்த வீட்டாருக்கு யார் பதில் சொல்வது?

அதற்காக எஃபெக்டே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அறுபதாம் கல்யாண ஆல்பத்துக்கு வருகிறவர்கள், தங்கள் பழைய கருப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்து, ஒரு பக்கமாவது அதே சாயலில் வேண்டும் என்பார்கள். நிறத்தை மட்டும் எடுத்தால் சரிப்படாது. அரக்குப் புடவையும் பச்சை பார்டரும் ஒரே சாம்பலாகிவிடும். எந்த நிறம் எவ்வளவு வெளுக்க வேண்டும், பழைய ஃபிலிமின் பொடிப்பொடியான துகள் எவ்வளவு தெரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். போட்டோஷாப்பிலேயே செய்யலாம்தான். ஆனால் நல்ல ப்ளக்இன் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், பக்கத்துக்குப் பக்கம் சாயலும் மாறாது.

இந்த வேலைக்குப் பேர்போன ப்ளக்இன் தொகுப்பு நிக் கலெக்‌ஷன். 2012இல் கூகுள் அதை வாங்கி, 2016 மார்ச்சில் இலவசமாகவே கொடுத்தது. 2017இல் அது டிஎக்ஸ்ஓ நிறுவனத்திடம் போனது. அடுத்த ஆண்டு வந்த புதிய பதிப்புக்கு மறுபடி விலை வைத்துவிட்டார்கள். விற்பவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் உழைப்பு. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும்.

முடியாதவர்களுக்கு ஜிமிக் இருக்கிறது. பிரான்சின் கான் (Caen) நகரில் உள்ள கிரேக் (GREYC) ஆய்வகத்தில் 2008 முதல் வளர்ந்துவரும் ப்ளக்இன் அது. ஓப்பன் சோர்ஸ், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது என்பதால், ஒரு கம்பெனி வாங்கி நாளைக்கே விலை வைத்துவிடுமோ என்ற பயம் இல்லை. பழைய கோடாக், ஃப்யூஜி ஃபிலிம்களின் சாயல்கள் உட்பட 500க்கும் மேற்பட்ட ஃபில்டர்கள் உண்டு. கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் ஓடும், கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளில் கூடவே வருகிறது, போட்டோஷாப்புக்கான 8பிஎஃப் வடிவமும் கிடைக்கிறது.

ஒரு சங்கடம், அத்தனை ஃபில்டர்களில் கல்யாண ஆல்பத்துக்கு ஆகக்கூடியவை கொஞ்சம்தான். புதிதாக உள்ளே நுழைபவர் திணறிப்போவார். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். ஜிமிக்கை எங்கிருந்து இறக்குவது, எப்படிச் சேர்ப்பது என்பதோடு, உதவக்கூடிய ஐந்தாறு ஃபில்டர்களையும் படம் போட்டு விளக்குங்கள். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஆல்பம் வடிவமைப்பாளர்,
மன்னார்குடி