ரேஷன் கடைக் கூட்டமும் ஒரு படக்குறிப்பும்

ஜூன் 2021

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த ரேஷன் கடைப் படத்தின் கீழ், ‘தொற்று அச்சமின்றி முண்டியடித்த மக்கள்’ என்று போட்டிருந்தீர்கள். தமிழக அரசின் கொரோனா நிவாரணத் தொகையின் இரண்டாம் தவணை 2,000 ரூபாய்க்கும் 14 வகை மளிகைப் பைக்கும் நின்றவர்கள் அவர்கள். அச்சமில்லாமல் யாரும் அந்த வரிசையில் நிற்கவில்லை ஐயா.

டோக்கனில் தேதியும் நேரமும் எழுதித்தான் கொடுக்கிறார்கள். அதை நம்பி வருகிறவர் ஏன் திரும்புகிறார் என்பது தாங்கள் அறியாததல்ல. கடைக்குப் பணம் வந்து சேர்ந்துவிடும். மளிகைப் பை லாரியில் பகுதி பகுதியாகத்தான் இறங்கும். பை தீர்ந்தால் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு, ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள். அப்படித் திரும்பியவர்கள் மறுநாள் டோக்கன்காரர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். மாதாந்தர அரிசி ஒரு நாள், துவரம் பருப்பு ஒரு நாள், பாமாயில் வேறொரு நாள். நான்கு நடை நடக்க வைத்துவிட்டு, கூட்டம் கூடுகிறது என்று மக்களையே குறை சொல்லலாமா?

மே மாதத் தவணைக் கணக்கையும் பாருங்கள். ஒரு கடைக்கு நாளொன்றுக்கு 200 அட்டை. கடை திறந்திருந்தது காலை 8 முதல் பகல் 12 வரை. அட்டைக்கு 72 வினாடி. அதற்குள் அட்டையை மிஷினில் ஸ்கேன் செய்து, பில் போட்டு, நோட்டை எண்ணி, கையெழுத்து வாங்க வேண்டும். சிக்னல் ஒரு பத்து நிமிடம் போனால் எட்டுப் பேர் பின்தங்கி நிற்பார்கள். இதையெல்லாம் எழுத ஒரு நிருபர் அரை நாள் கடை வாசலில் நின்றிருந்தால் போதும்.

முதல் பக்கச் செய்திகளும் இப்படித்தான் வருகின்றன. ‘குடும்ப அட்டைக்கு 4,000 ரூபாய்’ என்று போட்டீர்கள். அரிசி அட்டைக்கு மட்டும் என்பது உள்ளே எங்கோ இருந்தது. சர்க்கரை அட்டைக்காரர்களும் பொருளில்லா அட்டைக்காரர்களும் கடைக்கு வந்து, விற்பனையாளரோடு சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். ‘ஆளுக்கு 5 கிலோ கூடுதல் அரிசி’ செய்தியும் அப்படித்தான். மத்திய அரசின் அந்தத் திட்டம் முன்னுரிமை அட்டைகளுக்கும், மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைகளுக்கும் உரியது. வகைக் குறியீடு ஸ்மார்ட் அட்டையின் முகப்பிலேயே இருக்கிறது: முன்னுரிமைக்கு பி.எச்.எச்., அந்தியோதயாவுக்கு பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். இந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் எத்தனையோ பேருக்கு வீண் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

மருத்துவச் செய்தியிலும் இதே குறைதான். ‘ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் மருத்துவமனை’ என்று தினமும் எழுதுகிறீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் அளப்பது எப்படி என்று யார் சொல்வது? நகப்பூச்சைத் துடைத்துவிட்டு, விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். மாட்டியதும் தெரிகிற எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஓரிடத்தில் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். குளிர்ந்த விரலில் 89 காட்டியதும் குடும்பமே பதறிப்போகிறது. மருத்துவ உதவி எண் 104-ஐ அழைக்கும்போது நோயாளியின் வயது, ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டா என்பது, பரிசோதனைச் சீட்டின் எஸ்.ஆர்.எஃப். எண் எல்லாம் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். இதையும் எங்கும் காணோம்.

தங்களிடம் கேட்பது ஒரு சிறிய கட்டச் செய்தி, அவ்வளவுதான். அட்டையோடு பதிவான செல்போனிலிருந்து ஆங்கிலத்தில் பி.டி.எஸ். (PDS) என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 101 சேர்த்து 97739 04050-க்கு அனுப்பினால் கடையில் என்ன இருப்பு என்று பதில் வரும். 102 என்றால் கடை திறந்திருக்கிறதா என்று தெரியும். வாங்காத பொருளுக்கு பில் வந்திருந்தால் 107. புகாருக்கு 1967. கடைக்கு வர முடியாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் அங்கீகாரச் சான்றுப் படிவம் கொடுத்து, தங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம். இதை இரண்டாம் பக்கத்தில், ராசிபலனுக்கு ஒதுக்குகிற இடத்தில் பாதி அளவில், நிவாரணம் கொடுத்து முடியும்வரை தினமும் போடுங்கள். அந்தப் படக்குறிப்புக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்