முதல் நீர் எது?

அன்புள்ள கதிரேசா,

கடிதம் கிடைத்தது. மருந்தகப் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் ஊசிப்பொடியைச் சலைனில், அதாவது உப்புநீரில், கரைத்ததும் திரிதிரியாகிவிட்டது, சரக்கு கெட்டுப்போயிருக்குமோ என்று கேட்டிருந்தாய். சரக்கில் குறையில்லை. முதலில் ஊற்றிய நீர்தான் தப்பு.

ஊசியில் இருப்பது எரித்ரோமைசினின் லாக்டோபயோனேட் உப்பு. சோடியம் குளோரைடு போன்ற உப்பு கலந்த நீரில் நேரே போட்டால் அது கரையாமல் படிந்துவிடும். 500 மி.கி. குப்பிக்கு 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர், அதாவது கிருமி நீக்கிய வெறும் நீர்தான், அதுவும் பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் பொருள்) சேர்க்காதது. பொடி அடியில் பிடித்துக்கொள்ளும். நன்றாகக் குலுக்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, துகள் இல்லையென்றால் மட்டும் அடுத்த வேலை. இப்போது மி.லி.க்கு 50 மி.கி. இதை 100 முதல் 250 மி.லி. சலைனில் சேர்க்கலாம். முழுக்கக் கரைந்த பின் நீர்த்துப்போவதால் சலைன் இப்போது தொல்லை தராது. டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை நீர் வேண்டாம், அது புளிப்பானது (அமிலத்தன்மை உடையது), பைகார்பனேட் சேர்த்துச் சமன் செய்யாமல் பயன்படுத்தக் கூடாது. கலந்த பாட்டிலை 8 மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும்.

குறைந்தது 60 நிமிடமாவது ஓடட்டும். அவசரமென்று சிரிஞ்சில் நேரே தள்ள யாரையும் விடாதே. ஈசிஜியில் தெரியும் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்கும் நேரம்) நீண்டு, துடிப்பே தடம் மாறிவிடலாம். ஊசி போட்ட இடம் சிவந்து வலித்தால் இன்னும் நீர்த்து, இன்னும் மெதுவாக, பெரிய ரத்தநாளத்தில் ஏற்றச் சொல்.

புளிப்பு என்றேனே, இந்த மருந்தின் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது. மூலக்கூறின் நடுவில் இருப்பது 14 அணுக்கள் கொண்ட வளையம். அமிலம் பட்டதும் வளையத்தின் 6ஆம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் (OH) தொகுதி 9ஆம் கார்பனின் கீட்டோன் (C=O) தொகுதியோடு போய்ப் பிணைந்துகொள்ளும். கிருமியைத் தடுக்கும் திறன் போய்விடும். குடலில் கரையும் பூச்சு போட்ட மாத்திரையை உடைத்துத் தரக் கூடாது என்பது இதனால்தான். மூக்குக்குழாய் வழியே பொடித்துக் கொடுத்தால் வயிற்றமிலத்துக்குத்தான் இரையாகும். அந்த 6ஆம் கார்பனின் ஹைட்ராக்சிலில் ஒரு மீதைல் (CH₃) தொகுதி வைத்து வாயை அடைத்ததுதான் கிளாரித்ரோமைசின் என்ற மருந்து. எவ்வளவு சிறிய மாற்றம், எவ்வளவு பெரிய பலன்! எரித்ரோமைசினோ, 1949இல் பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் டாக்டர் அபெலார்டோ அகிலார் சேகரித்த மண்ணிலிருந்து வந்தது. 1952இல் சந்தைக்கு வந்தபோது ஐலோடைசின் என்ற பெயரில் அந்த ஊரும் கூடவே வந்தது.

வயிற்றைப் பிசையும் என்று நோயாளிகள் சொல்வது உண்மைதான். குடலை அசைக்கும் ஹார்மோனான மோட்டிலினுக்கு உரிய ஏற்பியை இந்த மருந்தும் தூண்டிக் குடலை அசைக்கிறது. அதையே பயனாக்கிக்கொண்டார்கள்: ரத்த வாந்தியோடு வருபவர்களில் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எண்டோஸ்கோபிக்கு (குழாய்க் கேமரா சோதனைக்கு) 30 முதல் 120 நிமிடம் முன் 250 மி.கி. ஏற்றினால் இரைப்பையில் தேங்கிய ரத்தம் கீழிறங்கி, பார்வை தெளிவாகும். இரைப்பை மந்தத்துக்குத் தொடர்ந்து கொடுத்தால் நாளடைவில் பலன் மங்கிவிடும். பிறந்து இரண்டு வாரம் ஆகாத குழந்தை என்றால் மிகவும் கவனம். இரைப்பையின் வெளிவாசலான பைலோரஸ் தடித்து இறுகிவிடும் ஆபத்து உண்டு. பால் குடித்ததும் பீய்ச்சியடிக்கும் வாந்தி வந்தால் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும்.

மருந்துச் சீட்டில் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் இருந்தால் மருத்துவரைக் கூப்பிட்டு, இந்த மருந்து முடியும்வரை அதை நிறுத்தச் சொல். வலிப்புக்கான கார்பமசெபின், ஆஸ்துமாவுக்கான தியோபிலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மூன்றும் இதோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஏறும். அளவு பார்த்துத்தான் தர வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை உங்கள் லேபிலும் கேள். ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி எரித்ரோமைசினுக்கு அடங்காமல், கிளிண்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்குகிறது என்று ரிப்போர்ட் வந்தால் அப்படியே நம்பாதே. கிருமி வளர்க்கும் தட்டில் 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் வில்லையை 2 மைக்ரோகிராம் கிளிண்டாமைசின் வில்லையிலிருந்து 15 முதல் 26 மி.மீ. தள்ளி வைத்தார்களா? மறுநாள் கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராமல் விட்ட வட்டம் எரித்ரோமைசின் பக்கம் தட்டையாகி, ஆங்கில டி எழுத்துபோல் நின்றால், இந்த மருந்துகள் போய்ப் பிடிக்கும் ரைபோசோமை (கிருமியின் புரத ஆலையை) மாற்றும் நொதி ஒளிந்திருக்கிறது; கிளிண்டாமைசினும் பலிக்காது என்றே எழுத வேண்டும். அடுத்த தட்டை நீயே போய்ப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
செல்வம்