கஞ்சி வாளியோடு வந்த அக்காவுக்கு

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க புதுச்சேரி கோரிமேட்டில், ஜிப்மர் மருத்துவமனை வாசலில், நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய அக்காவுக்கு எங்கள் அன்பியத்தின் (பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக் குழு) நன்றி. பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்ற மத்தேயு 6:3 உங்கள் பக்கம்.

உங்கள் கணக்கை எழுதி வைத்திருக்கிறோம். ஐம்பது பேருக்கு 2 கிலோ நொய், கால் கிலோ பாசிப்பருப்பு, 18 லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி பூண்டு, இரண்டு ஸ்பூன் வெந்தயம். தேங்காய்ப்பால் கிடையாது; ஊற்றி மூடி வைத்தால் இந்த வெயிலுக்குச் சீக்கிரம் ஊசிப்போகும். ஆற ஆற இறுகும் என்பதால் தூக்கில் தனியாக வெந்நீர். உப்பு பாதிதான், மீதி கிண்ணத்தில். ரத்தக்கொதிப்புக்காரர்கள் அதைத் தொட வேண்டியதில்லை.

கொடுத்த விதம் அதைவிடப் பெரிது. ஊரைக் கேட்டீர்கள், மதத்தைக் கேட்கவில்லை. போட்டோ இல்லை. தட்டுக்கு முன்னால் துண்டுப் பிரசுரத்தை நீட்டினால், பசித்தவருக்கு அது கஞ்சியின் விலையாகத்தான் தெரியும். (சில நல்ல மனசுக்காரர்களுக்கு இது இன்னும் புரியவில்லை.) ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டவரிடம் மட்டும், “எனக்கு முதல்ல கிடைச்சுதுங்க” என்றீர்கள். கடவுள் முதலில் நம்மிடம் அன்பு காட்டியதால்தான் நாமும் அன்பு காட்டுகிறோம் என்ற 1 யோவான் 4:19-ஐ இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

திருவண்ணாமலைப் பாட்டி நீட்டிய பாதி வாழைப்பழத்தையும் மறுக்காமல் வாங்கித் தின்றீர்கள். கொடுக்கத் தெரிந்த பலருக்கு வாங்கத் தெரியாது. மெல்ல மெல்ல முதலாளி ஆகிவிடுவார்கள். தன் பாதத்தைக் கழுவ விடாத சீடர் பேதுருவிடம், கழுவ விடாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று இயேசு கறாராகப் பேசியதும் (யோவான் 13:8) இதற்காகத்தான்.

உங்கள் எவர்சில்வர் வாளி பங்குக் கோயில் அலுவலகத்தில் இருக்கிறது அக்கா. மூடியைத்தான் காணோம்.