வெள்ளி இரவு வரும் பதினான்கு பக்கம்

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் தாளாளர், தலைமையாசிரியர், தொடக்க வகுப்பு ஆசிரியைகள் அனைவருக்கும் வணக்கம்.

வாரம்தோறும் வீட்டுப்பாடமாக நீங்கள் அனுப்பும் ‘வாராந்திரக் கற்றல் தொகுப்பு’ பற்றித்தான் இந்த மடல். பெற்றோர் கூட்டத்தில் இரண்டு முறை பேசியாயிற்று, டைரியில் எழுதியும் அனுப்பியாயிற்று. பழைய கதையை மறுபடி விரிக்கவில்லை. ஆனால் போன வெள்ளி இரவு 8.40-க்கு ஒன்றாம் வகுப்பு வாட்ஸப் குழுவில் பதினான்கு பக்கம் வந்து விழுந்தது. கூடவே, ‘திங்கள் காலை முடித்து அனுப்பவும், முடிக்காத பிள்ளைகளுக்கு விளையாட்டு பீரியட் கிடையாது’ என்று ஒரு வரி. ஆறு வயதுப் பிள்ளைக்கு.

கேட்பது ஒன்றுதான். வாரத்துக்கு ஒரே ஒரு தாள் கொடுங்கள். அதைத் திங்களன்று கொடுத்து வெள்ளியன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு அந்தத் தாளில் எழுத்து வேலை வேண்டாம்.

அந்தத் தொகுப்பின் மூன்றாம் பக்கத்தை மட்டும் பார்ப்போம். ‘குருவி’ பத்து முறை எழுத வேண்டும். பிள்ளை இதை எப்படி எழுதுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சொல்லாக எழுதுவதே இல்லை. முதலில் ‘கு’வை மேலிருந்து கீழாகப் பத்துத் தடவை எழுதும். பிறகு மேலே போய் ‘ரு’ பத்து. பிறகு ‘வி’ பத்து. வேலை சீக்கிரம் முடியுமே! குருவி என்ற சொல்லை அது ஒரு தடவைகூடப் படிப்பதில்லை. அதிலும் முதல் எழுத்தை மட்டும்தான் அச்சைப் பார்த்து எழுதும். அதற்கப்புறம் மேல் வரியில் தான் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதும். நாலாவது வரியில் ‘ரு’வின் சுழி வளையாமல் நின்றுபோனால், அங்கிருந்து பத்தாவது வரி வரை ‘குரவி’தான். ஆக, ஏழு தடவை தப்பை எழுதிக் கையில் பழக்கியாயிற்று. அதன் மேல் மூலைக்கு மூலை ஒரு சிவப்பு டிக்.

அதே சொல்லை மூன்றே தடவை எழுதினால் போதும். பார்க்கணும், வாய்விட்டுச் சொல்லணும், கையால் மூடணும், எழுதணும், திறந்து சரிபார்க்கணும். ஐந்து நிமிடம் ஆகாது. இதையும் வகுப்பில் செய்தால்தான் பலன், ஏனென்றால் ‘ரு’ கோணியதைத் திங்கள்கிழமை அல்ல, அந்த நொடியிலேயே பார்க்க வேண்டும். அந்த வயதில் மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சின்ன எலும்புகளும் முழுதாக இறுகியிருக்காது. இரண்டு பக்கம் தாண்டினால் பிள்ளை பென்சிலை முஷ்டியாகப் பிடித்து அழுத்த ஆரம்பிக்கும். கையெழுத்து கெடுவது அங்கேதான்.

‘வாரம் ஒரு வரிசை’ என்ற உங்கள் அட்டவணையிலும் கோளாறு இருக்கிறது. கா வரிசைக்கு ஒரு வாரம், கு வரிசைக்கு ஒரு வாரம் என்று சமமாகப் பங்கு போட்டிருக்கிறீர்கள். கா, சா, டா எல்லாவற்றுக்கும் ஒரே துணைக்கால்தான். இரண்டு நாளில் பிடித்துக்கொள்ளும். உகர வரிசை அப்படியா? சு, பு, வு கீழ்நோக்கி ஒரு கோடாக இறங்கும். து, நு, லு காலை வளைத்து வாங்கும். கு, டு, மு, ரு சுழித்துக்கொண்டு போகும். பதினெட்டு எழுத்துக்கு மூன்று விதம். இதற்கு மூன்று வாரமாவது வேண்டும், ஒரு வாரத்துக்கு ஒரு விதமாக. கெ, கே, கை இன்னொரு தொல்லை: காதில் பின்னால் கேட்கும் ஒலிக்கான கொம்பைக் கையில் முன்னால் போட வேண்டும். பிள்ளை ‘க’ எழுதிவிட்டு அதற்குப் பின்னால் கொம்பு போடுவது அறியாமை அல்ல, அது காதால் கேட்டபடி எழுதுகிறது. அதற்குப் பெரிய தப்புக்குறி போட்டு அனுப்புகிறீர்கள். வீட்டில் சொல்லித்தருவது பாட்டி என்றால் இன்னும் விசேஷம். அவர்கள் கையில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை வைத்த ‘லை’ இன்னும் இருக்கிறது. அதற்கும் தப்புக்குறி.

ஆசிரியைகள் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள், பதினான்கு பக்கம்: 560 பக்கம். பக்கத்துக்கு அரை நிமிடம் என்றாலும் 4 மணி 40 நிமிடம். திங்கள்கிழமை முழுக்க மிஸ் டிக் போடுவார்களா, பாடம் நடத்துவார்களா? ‘குரவி’ யார் கண்ணிலும் படாததற்குக் காரணம் இதுதான்.

சரி, அந்தப் பதினான்கு பக்கத்தில் என்னதான் இருக்கிறது? பாதி, எங்கிருந்தோ இறக்கிய வெளிநாட்டுத் தாள். பனிமனிதனுக்கு வண்ணம் தீட்டு. வீட்டையும் புகைபோக்கியையும் கோட்டால் இணை. நம் மதுரையில், செல்லூரிலும் வில்லாபுரத்திலும் எந்த வீட்டில் புகைபோக்கி இருக்கிறது, கொஞ்சம் காட்டினால் கூட்டிப்போய்க் காட்டுவோம். பதினோராம் பக்கத்தில் அமெரிக்க நாணயம் எண்ண வேண்டும். அதில் 25 சென்ட் காசுக்குப் பெயர் ‘குவார்ட்டர்’. குவார்ட்டர் என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால் நம் ஊர் அப்பாக்கள் நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைக் கலர் பிரிண்ட் வேறு எடுக்கணுமாம். பக்கத்துக்குப் பத்து ரூபாய் என்றால் வாரம் 140 ரூபாய். ஞாயிறு ராத்திரி சார்ட்டுக்கும் தெர்மாகோலுக்கும் கடை கடையாக அலைவது தனி. பொங்கல் விடுமுறைக்கு முப்பத்திரண்டு பக்கம் கொடுத்தீர்கள். அவனியாபுரத்தில் வாடிவாசல் திறந்திருக்க, பிள்ளை உள்ளே உட்கார்ந்து ‘எனக்குப் பிடித்த பண்டிகை’ எழுதிக்கொண்டிருந்தது. அதையும் பிள்ளைதான் எழுதியது என்று நீங்கள் நம்பினால் நாங்கள் என்ன சொல்ல! பல வீடுகளில் அம்மாமார்கள் இடது கையால் எழுதத் தேர்ந்துவிட்டார்கள், பிள்ளை கையெழுத்து மாதிரியே இருக்கிறது. அடுத்த ஆண்டுவிழாவில் அவர்களுக்கும் ஒரு பரிசு கொடுக்கலாம்.

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். விதிக்கு வருவோம். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. அதே ஆண்டு மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அதையே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியது. 2020-இல் வந்த பள்ளிப் பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. சாயங்காலம் என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பில் பிள்ளையைப் பேசவிடச் சொல்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உச்ச வரம்பு 2 மணி நேரம். நாளுக்கு அல்ல, வாரத்துக்கு. உங்கள் பதினான்கு பக்கத்தைப் பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் 2 மணி 20 நிமிடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரம் முழுவதற்கும் உள்ள வரம்பை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு சனி ஞாயிறில் தாண்டுகிறது.

அடுத்த தெரு அரசுப் பள்ளியில், 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளையின் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்சி தருகிறார்கள். கட்டணம் கட்டும் எங்கள் பிள்ளைகள் நாற்பது பேருக்கும் ஒரே தொகுப்பு.

அந்த ஒரு தாளில் என்ன இருக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறோம். மேல் பாதியில் அந்த வாரம் வகுப்பில் நடந்த ஐந்து சொல், போன வாரத்துச் சொல் இரண்டு; தினமும் ஐந்து நிமிடம் வாய்விட்டுப் படிக்க. கீழ்ப் பாதியில் கையால் செய்யும் ஒரு கணக்கு. விளக்குமாற்று ஈர்க்கைப் பத்துப் பத்தாகக் கட்டி, 3 கட்டு, 4 உதிரி எத்தனை என்று கேட்கலாம். நூற்று ஐந்தை 1005 என்று எழுதும் பிள்ளைக்கு நூறு தடவை எண் எழுதச் சொல்லிப் பயனில்லை, காதில் நூறும் ஐந்தும் தனித்தனியாக விழுகிறது. பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டி, பக்கத்தில் ஐந்து உதிரியை வைத்து, நடுவில் கட்டு இல்லாத வெற்றிடத்துக்கு 0 என்று காட்டினால் புரிந்துவிடும். ஈர்க்குக்குப் பதில் புளியங்கொட்டையும் ஆகும், ஆனால் கட்ட முடியாது; பத்துப் பத்தாகத் தீப்பெட்டியில் போடணும். தாளின் அடியில் நாளுக்கு ஒரு கட்டமாக ஐந்து கட்டம், வீட்டில் யாராவது கையெழுத்துப் போட. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலும் பிள்ளை படிப்பதைக் காதுகொடுத்துக் கேட்க முடியும். கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். கடையிலும் ஓட்டலிலும் வேலை முடித்து இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்புகிறவர்களுக்கும் அந்த ஐந்து நிமிடம் காலையில் கிடைக்கும்.

வாரத்துக்கு ஒரு தாள். திங்களன்று. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எழுத்து வேலை இல்லாமல். விளையாட்டு பீரியடைப் பிடுங்குவதையும் இந்த வாரமே நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து. வரும் வெள்ளி இரவுக்குள் உங்கள் முடிவைத் தெரிவித்தால் உபகாரமாக இருக்கும். டைரியில் ஒரு வரி போதும், தொகுப்பு வேண்டாம்.

பணிவுடன்,
ஒன்று, இரண்டாம் வகுப்புப் பெற்றோரும், பேரப்பிள்ளைகளை இதே பள்ளிக்கு அனுப்பும் ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும்
மதுரை